அத்தானின் காரும் நான் அனுப்பிய வாய்ப்பூட்டும்

சனிக்கிழமைகளில் என் காரின் முன் ஆசனத்தில் ஒரு சிவப்பரிசிப் பை பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பத்துக் கிலோ. ஒஸ்லோவின் தமிழ்க் கடையில் வாங்கி, காரின் பின்பெட்டியைத் திறக்கப் பஞ்சிப்பட்டு, பக்கத்து ஆசனத்தில் வைத்த முதல் நாளே கார் கத்தத் தொடங்கிவிட்டது. பாரம் இருக்கிறது, ஆகவே ஆள் இருக்கிறார். ஆளிருந்தும் பெல்ட் இல்லை. அதன் அறிவு அவ்வளவுதான். இது ஆளில்லை, அரிசி என்று விளங்கப்படுத்த எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழி போதாது. இரண்டு கிலோமீற்றர் பொறுத்தேன். மூன்றாவதில் தெருவோரம் நிறுத்தி, பைக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்துக் கொளுவினேன். சத்தம் நின்றது. அன்றிலிருந்து இன்றுவரை அரிசிக்கு நான் பெல்ட் போட்டுவிடுகிறேன்.

ஒருநாள் பொலிஸ்காரர் ஒருவர் சோதனைக்காக மறித்தார். என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார், குனிந்து மறுபடியும் பையைப் பார்த்தார். "குடும்பம்" என்றேன் நான், பகிடியாக. அவர் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. "ப்ரா" என்றார். நல்லது என்று அர்த்தம். போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அவரும் பகிடி விட்டாரா, அல்லது என் குடும்ப நிலைமையை நினைத்து இரங்கினாரா என்பது எனக்கு இன்னும் தெரியாது. இந்த நாட்டில் முப்பது வருடமாக நான் விட்ட பகிடிகளில் பெரும்பகுதி இப்படித்தான் விழுந்த இடம் தெரியாமல் போயிருக்கிறது.

எனக்குக் காரின் அந்தச் சத்தத்தைப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னை உபதேசம் பண்ணுகிற சட்டம்பியார் என்று யாரும் நினைக்கக்கூடாது. அந்தச் சத்தம் வருகிற காரை நான் முதன்முதல் வாங்கியபோது, அதை வாய்மூடச் செய்ய முடியுமா என்று திருத்துமிடத்தில் போய்க் கேட்டேன். அங்கிருந்த இளம் திருத்துநர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அன்போடு ஓட்டுநர் ஆசனத்தில் தானே ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை எப்படி இழுப்பது, எப்படிக் கொளுவுவது, எப்படிக் கழற்றுவது என்று மெதுவாக இரண்டு தடவை செய்துகாட்டினார். என்னையும் ஒருமுறை செய்யச் சொன்னார். செய்தேன். "ப்ரா" என்றார். அவமானம் தாங்காமல் வீட்டுக்கு வந்து, பெல்ட்டை ஆசனத்தின் முதுகுக்குப் பின்னால் சுற்றிக் கொளுவிவிட்டு, அதன்மேல் சாய்ந்துகொண்டு ஒரு மாரி முழுக்கக் கார் ஓடினேன். அந்த மாரியின் கடைசியில், நடக்கிற வேகத்தில் பனியில் சறுக்கிப் போய் ஒரு பஸ் தரிப்பிடத்தில் முட்டினேன். நெற்றியில் நாலு தையல். பெல்ட் போட்டிருந்தாயா என்று டொக்டர் கேட்டார். போட்டிருந்தேன் என்றேன். அது பொய்யில்லை. பெல்ட் கொளுவித்தான் இருந்தது, எனக்குப் பின்னால். டொக்டர் நெற்றியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கணினியில் எதையோ நீளமாகத் தட்டினார். அதன் பிறகுதான் நான் திருந்தினேன்.

திருந்துவதற்கு முன்னால், ஊருக்கு நான் ஒரு வேலை செய்திருந்தேன். கதை அங்கேதான் இருக்கிறது.

என் அக்காவின் கணவர், எங்கள் அத்தான், நீர்வேலியில் இருக்கிறார். நாற்பது வருடமாக வாகனம் ஓடுகிறவர். முன்பு பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் மினிபஸ் ஓடினார். ஓய்ந்த வயதில், பாவித்த ஜப்பான் கார் ஒன்றைத் தன் சொந்தத் தேவைக்கு வாங்கினார். வாங்கிய கிழமையே எனக்கு ரெலிபோன் எடுத்தார்.

"மச்சான், உது கத்திக்கொண்டே கிடக்குது. என்ரை காருக்குள்ளை எனக்கு ஒரு வாத்தியார். உங்கை ஏதும் வழி இருக்கோ?"

சில கார்கள் கொஞ்ச நேரம் கத்திக் களைத்துவிடும். அத்தானுடையது களைக்காத சாதி. நான் அப்போது முதுகுக்குப் பின்னால் பெல்ட் கொளுவி ஓடிக்கொண்டிருந்த வீரன். உடனே இணையத்தில் தேடினேன். பெல்ட்டின் நுனியில் இருக்கிற உலோக நாக்கை மட்டும் தனியாகச் செய்து விற்கிறார்கள். அதைக் கொண்டுபோய்ப் பூட்டில் செருகினால், ஆள் பெல்ட் போட்டுவிட்டார் என்று கார் நம்பிவிடும். ஓட்டுநருக்கு ஒன்று, பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்று என்று இரண்டு வாங்கி, ஊருக்குப் போன ஒருவரிடம் சொக்கிளேற்றுக்கு நடுவில் வைத்துக் கொடுத்துவிட்டேன். அத்தான் அதற்கு வாய்ப்பூட்டு என்று பெயர் வைத்தார். நான் அனுப்பிய கம்பளிச் சட்டையும் இரவுநேரத் தலைவிளக்கும் அலுமாரியில் கிடக்க, வாய்ப்பூட்டு மட்டும் நாளாந்தப் பாவனைக்கு வந்தது. ஆயுத பூசைக்குக் காருக்குச் சந்தனம் வைக்கும்போது அதற்கும் ஒரு பொட்டு வைத்ததாக அக்கா சொன்னாள். முப்பது வருட வெளிநாட்டு வாழ்வில் என்னால் இந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த, சந்தனம் பட்ட ஒரே பொருள் அது.

சென்ற ஆவணியில் ஊருக்குப் போனேன். அக்காவின் மகள் சுகந்தியின் மூன்று வயதுக் குழந்தை அபிக்குக் காதுகுத்து. போய் இறங்கிய மறுநாள் காலையில் அத்தான் பாண் வாங்கக் கடைக்குப் புறப்பட்டார். நானும் ஏறினேன். அபி ஓடிவந்து அத்தானின் மடியில் ஏறிக்கொண்டாள். அங்கேதான் அவளுக்கு நிரந்தர இடமாம். இரண்டு சின்னக் கைகளும் ஸ்டியரிங்கில், நெஞ்சு ஹோர்னில். கார் ஒரு முனகலும் இல்லாமல் தெருவில் இறங்கியது. குனிந்து பார்த்தேன். இரண்டு பூட்டிலும் நான் அனுப்பிய இரண்டு வாய்ப்பூட்டுகளும் பளபளவென்று செருகியிருந்தன, பழைய சந்தனம் காய்ந்தபடி.

அன்றைக்கு என் நெற்றித் தழும்பு அரித்தது என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். அரிக்கவில்லை. அந்தக் குழந்தையின் தலைக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் ஒரு சாண் இடம். எதிரே ஒரு நாய் குறுக்கே வந்தால் போதும். அதற்குக் குரல் கொடுத்திருக்கக்கூடிய ஒரே ஆளின் வாயை அடைத்தவன் நான்.

அத்தான் பாண் வாங்க இறங்கினார். இரண்டையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் திரும்பி வந்து காரை எடுத்ததும் அது கத்தியது. அவர் கை பழக்கத்தில் ஆசனத்துக்கு அருகே போனது, தடவியது, திரும்பி வந்தது. என்னைப் பார்த்தார்.

"எங்கை அது?"

"எது அத்தான்?"

"தெரியாத ஆள் மாதிரிக் கேளாதை. நீ தந்ததை நீயே களவெடுக்கிறியோ?"

"பெல்ட்டைப் போடுங்கோ அத்தான், சத்தம் நிண்டிடும்."

"நான் செத்தாலும் அதைப் போடமாட்டன்" என்றார். இது எங்கள் ஊரில் சாதாரணமாகச் சொல்லுகிற பேச்சு. அவர் அதைச் சாதாரணமாகச் சொல்லவில்லை.

அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, எனக்கும் தெரியும். யுத்த காலத்தில் எங்கள் பக்கத்துத் தெருக்களில் வாகனத்தின் பாதுகாப்பு என்பது எவ்வளவு கெதியாய் அதைவிட்டு வெளியே பாயலாம் என்பதுதான். மேலேயிருந்து சுடுகிற ஹெலிகொப்டரின் சத்தம் கேட்டால் பஸ் நிற்கும், ஆட்கள் பள்ளத்துக்கும் வாழைத்தோட்டத்துக்கும் பாய்வார்கள். அப்போது பெடியனாயிருந்த நான் ஓடுகிற சைக்கிளிலிருந்து பாய்ந்திருக்கிறேன், சைக்கிள் என்னை விட்டுவிட்டுத் தனியே கொஞ்சத் தூரம் போயிருக்கிறது. அத்தானின் மினிபஸ்ஸின் ஓட்டுநர் கதவுக்குப் பூட்டே கிடையாது, ஒரு கயிறுதான். ஒருநாள் சத்தம் கேட்டு அத்தான் தன் பக்கத்தால் பாய்ந்தார். மற்றப் பக்கத்தால் பாய்ந்த கொண்டக்டர் ராசனின் இடுப்புச் சாரம் கதவின் கொளுக்கியில் மாட்டிக்கொண்டது. சாரத்தைக் கழற்றிவிட்டு ஓட வெட்கப்பட்டிருக்க வேண்டும், ஒரு கணம் நின்று இழுத்தான். அந்த ஒரு கணம்தான். வாழைக்குள் கிடந்தபடி அத்தான் அதைப் பார்த்தார். அதன் பிறகு வாகனத்துக்குள் தன் உடம்பில் எதுவும் மாட்டுவதை அவர் விட்டதில்லை. சால்வையைக்கூட மடித்துப் பின்னால் போட்டுவிடுவார். சந்தியில் பொலிஸ் நின்றால், கோயில் வாசலில் சால்வையை இடுப்பில் கட்டுகிற பவ்வியத்தோடு பெல்ட்டை நெஞ்சுக்குக் குறுக்கே கையால் பிடித்துக்கொண்டு போவார். பூட்டில் கொளுவமாட்டார். சந்தி கடந்ததும் கை விடும்.

இதெல்லாம் தெரிந்தும் நான் அந்த இரண்டையும் திருப்பிக் கொடுக்கவில்லை. அவரும் பெல்ட் போடவில்லை. மூன்று நாள் நீர்வேலியில் அந்தக் கார் கத்திக்கொண்டே ஓடியது. அத்தான் அதற்கு மேலால் நாதஸ்வரத்தைப் போட்டார். இரண்டும் சேர்ந்து வரும்போது தெருவில் நின்றவர்கள் திருவிழா வருகிறதென்று திரும்பிப் பார்த்தார்கள். அபி மடியில் இருந்து இரண்டுக்கும் தாளம் போட்டாள். வீட்டுக்குள் அத்தான் என்னோடு நேரே கதைப்பதை விட்டுவிட்டார். நான் எதிரே இருக்கும்போதே அக்காவிடம் சொல்லுவார்: "உன்ரை தம்பியைத் தேத்தண்ணி குடிக்கச் சொல்லு. அதுக்கும் ஏதும் கட்டவேணுமோ எண்டு கேள்." அக்கா எனக்கு இடியப்பம் வைக்கும்போது கரண்டியைத் தட்டில் அடித்து வைத்தாள். "ரெண்டு கிழமைக்கு வந்தனி. ரெண்டு கிழமையும் வாயை மூடிக்கொண்டிருக்க ஏலாதோடா?" ஏலாது. எனக்கும் என் காருக்கும் அந்த வருத்தம் ஒன்றுதான்.

காதுகுத்து பருத்தித்துறையில், சுகந்தியின் கணவர் வீட்டில். அவர் முதல்நாளே அங்கே போய்விட்டார். காலையில் அக்காவும் சுகந்தியும் பலகாரத் தட்டுகளோடு பின்னால் ஏறினார்கள். நான் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாய் முன்னால் ஏறினேன். அத்தான் அபியைத் தூக்கி மடியில் வைத்தார்.

"அத்தான், பிள்ளையைப் பின்னுக்கு விடுங்கோ" என்றேன்.

மூன்று நாளுக்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்துக் கதைத்தார். "ஏன், நான் இண்டைக்கே ஓடப் பழகிறன்?"

"உங்கடை ஓட்டத்தை ஆர் கதைச்சது?"

"பின்னை எதைக் கதைக்கிறாய்? நாப்பது வருசம். ஒரு கோழியை அடிச்சிருக்கிறனோ? என்ரை மடி உனக்குக் காணாது, சப்பான்காரன்ரை நாடா காணும்."

"ஒருநாளைக்குச் சடாரெண்டு பிறேக் அடிச்சால்?"

"அடிக்கிறது நான். அது எனக்கு முன்னமே தெரியும்."

"நல்ல காரியத்துக்குப் போறம்" என்றாள் அக்கா பின்னாலிருந்து. "ரெண்டு பேரும் வாயை மூடுங்கோ." இருவரும் மூடினோம். கார் மூடவில்லை.

கோபத்தில் என் பக்கத்துப் பெல்ட்டை இழுத்தேன். கார் வந்த நாளிலிருந்து யாரும் அதை இழுத்ததில்லை. முனகிக்கொண்டு வந்தது. பட்டென்று கொளுவினேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். நோர்வேயில் ஓட்டுநர் இடது பக்கத்தில் இருப்பார். அங்கே நான் தினமும் ஓட்டுகிற அதே இடப்பக்க ஆசனம் இது. அதே இடது தோளில் தொடங்கி வலது இடுப்புக்கு வருகிற அதே பெல்ட். ஸ்டியரிங் மட்டும் இல்லை. வல்லை வரும்வரைக்கும் என் வலது கால் இல்லாத பிறேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. அத்தான் அதைக் கண்டார். "கால் விரிப்புக் கிழியப்போகுது எண்டு உன்ரை தம்பியிட்டைச் சொல்லு" என்றார்.

வல்லை வெளியை ஊர்க்காரருக்கு விவரிக்கத் தேவையில்லை. வேற்றூராருக்கு: இரண்டு பக்கமும் வீடில்லை, மரமில்லை, உப்பு பூத்த தரவை நிலமும் சேறும் தண்ணீரும்தான். ஒளிய ஒரு வாழை கிடையாது. அங்கேதான் அந்தச் சத்தம் வந்தது. முதலில் காரின் கத்தலுக்கும் நாதஸ்வரத்துக்கும் அடியில், நெஞ்சுக்குள் கேட்பதுபோல. பிறகு தலைக்கு மேலே. டபடபவென்று, பதிவாக, தாழப் பறந்தபடி.

அத்தான் பிறேக் அடித்தது எனக்கு நினைவில்லை. கார் நின்றிருந்தது. வலது பக்கக் கதவு திறந்து கிடந்தது. அத்தான் அங்கே இல்லை. அறுபத்தைந்து வயது மனிதர் குழந்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவுக்கு அப்பால் சேற்றில் குப்புறக் கிடந்தார், அவள்மேல் தன் உடம்பைக் கவிழ்த்தபடி. நானும் கதவைத் திறந்தேன். பாய்ந்தேன். பெல்ட் பிடித்து இழுத்து ஆசனத்தில் அடித்தது. மறுபடியும் பாய்ந்தேன். மறுபடியும் அடித்தது. வெட்டி இழுக்க இழுக்க இறுகுகிற சாமான் அது, அதற்காகத்தான் செய்திருக்கிறார்கள். இத்தனை வருடமாகத் தினமும் கழற்றுகிற பெல்ட்டின் பூட்டு எங்கே இருக்கிறதென்று என் கைக்குத் தெரியவில்லை. நெஞ்சு, தோள், வயிறு எல்லாம் தடவினேன். வாயிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது, அது என்னுடையதென்று பிறகுதான் தெரிந்தது. பின்னால் அக்கா பலகாரத் தட்டைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு காலடியில் குனிந்திருந்தாள்.

சுகந்தி மட்டும் நிமிர்ந்து இருந்தாள். "மாமா, பூப் போடுது" என்றாள் மெதுவாக. "கோயிலுக்கு. வெளிநாட்டிலை இருந்து ஆரோ காசு கட்டி எடுத்தவையாம்."

தூரத்தில் ஒரு கோபுரத்துக்கு மேலே ஹெலி வட்டமிட்டது. அதன் வயிற்றிலிருந்து மஞ்சளும் வெள்ளையுமாய் ஏதோ சிதறியது. என்னைப்போல ஒரு புலம்பெயர்ந்தவனின் பக்தி.

அத்தான் எழுந்து வந்தார். வேட்டி முழுக்கச் சேறு. அபி அவர் தோளில் வீரிட்டு அழுதுகொண்டிருந்தாள். அவள் நெற்றியில், ஸ்டியரிங் பட்ட இடத்தில், நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. அவர் என் பக்கத்துக்கு வந்தார். நான் இன்னும் தடவிக்கொண்டிருந்தேன்.

"சிவப்பை அமத்தடா" என்றார். நான் அமத்தவில்லை. அவரே குனிந்து கையை விட்டுப் பூட்டின் சிவப்புப் பொத்தானை அமத்தினார். பெல்ட் என்னை விட்டது.

இறங்கித் தெருவில் நின்றேன்.

"பாத்தியோ" என்றார். "உன்னாலை பாய ஏலேல்லை."

எனக்கு மறுமொழி இருந்தது. பிள்ளையின் நெற்றியைப் பாருங்கோ என்பது மறுமொழி. மூன்று நாளாக நான் காத்திருந்த மறுமொழி. அதைச் சொல்லத் தேவை இருக்கவில்லை, அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். சேறு படாத புறங்கையால் அந்த வீக்கத்தைத் தொட்டார். "அம்மப்பா, நோகுது" என்றாள் அபி. பிறகு பின்கதவைத் திறந்து, "நீ வைச்சிரு. இனிப் பின்னுக்கு" என்று குழந்தையைச் சுகந்தியிடம் கொடுத்தார். பின் ஆசனத்து இடுக்கில் புதைந்து கிடந்த பெல்ட்டைத் தோண்டி எடுத்து, சரியாக இருக்கிறதா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். திரும்பி வந்து என் முன்னால் கையை நீட்டினார்.

"அதைத் தா."

சட்டைப் பையில் இருந்த இரண்டையும் எடுத்துக் கொடுத்தேன். ஒன்றை எடுத்துக்கொண்டார். மற்றதை என் கையிலேயே திருப்பி வைத்தார். "உன்ரையை நீ வைச்சிரு" என்றார். ஏறி, தன்னுடையதைத் தன் பூட்டில் செருகினார். நானும் ஏறி என் பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். மூன்று நாளுக்குப் பிறகு கார் அமைதியானது. நாதஸ்வரத்தையும் நிறுத்தினார். ஒரே வாகனத்தில், ஆளுக்கு ஆள் மற்றவர் மடையர் என்ற முடிவோடு, பருத்தித்துறைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே வாசலில் இறங்கியதும் சுகந்தியின் மாமியார் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். குனிந்து பார்த்தேன். வருடக்கணக்கில் அந்தப் பெல்ட்டில் ஏறிய நீர்வேலிச் செம்மண் புழுதி, என் வெள்ளைச் சட்டையில் இடது தோளிலிருந்து வலது இடுப்புவரை நாலு விரல் அகலத்தில் ஒரு பட்டையாக ஒட்டியிருந்தது.

"நோர்வேயிலை பூணூல் சிவப்போ ஐயா?" என்றார் ஒருவர். "காது குத்த ஐயரும் வந்திட்டார், தட்சிணையை வையுங்கோ" என்றார் இன்னொருவர். நானும் இரண்டு கையையும் தூக்கி ஆசீர்வதித்தேன். வேறென்ன செய்வது. பிறகு அவர்கள் அத்தானின் வேட்டியையும் குழந்தையின் நெற்றியையும் பார்த்தார்கள்.

"ரயர் காத்துப் போட்டுது" என்றார் அத்தான். "மாத்தேக்கை சேறு."

"பிள்ளை கதவிலை இடிச்சிட்டா" என்றேன் நான்.

ஒருவரை ஒருவர் பார்க்காமல் சொன்னோம். அந்தப் பயணத்தில் நாங்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த இடத்தில் மட்டும்தான். நான் புறப்பட்ட அன்று அத்தான் கேற்றடியில் நின்று, "அடுத்த முறை வரேக்கை உந்தச் சட்டங்களை அங்கை வைச்சிட்டு வா" என்றார். விமான நிலையம்வரை வழியனுப்ப வரவில்லை. அபி இப்போது பின்னால் பெல்ட் போட்டுத்தான் இருக்கிறாள், தானே கொளுவுகிறாள், அத்தான் கண்ணாடியில் பார்த்து உறுதிப்படுத்தாமல் காரை எடுப்பதில்லை என்று அக்கா ரெலிபோனில் சொல்லுகிறாள். அவர் தனக்கு வாய்ப்பூட்டுத்தான் போட்டிருக்கிறார். அதைப் பற்றி நான் கேட்பதில்லை. என்னோடு கதைக்க வருகிறாரா என்று கேட்டால், குளிக்கிறார் என்பாள். எந்த நேரம் எடுத்தாலும் குளிக்கிறார்.

சட்டையை இங்கே நாலு தரம் தோய்த்தேன். பட்டை மங்கியதே தவிரப் போகவில்லை. மற்ற வாய்ப்பூட்டு என் காரில், சில்லறைக் காசு போடுகிற குழிக்குள் கிடக்கிறது.

போன சனிக்கிழமை கடையால் வரும் வழியில் சிவப்பு விளக்கில் நின்றேன். ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கொண்டுபோகிற ஹெலி தலைக்கு மேலால் பதிவாகப் போனது. பக்கத்துக் கார்களில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. விளக்குப் பச்சையாகிப் பின்னால் நின்றவர் ஹோர்ன் அடித்தபோதுதான் கவனித்தேன். பெல்ட் என் நெஞ்சுக்குக் குறுக்கே ஒழுங்காகத்தான் இருந்தது. என் வலது கைப் பெருவிரல் இடுப்பருகே அந்தச் சிவப்பின்மேல், அமத்தாமல், ஆனால் எடுக்காமல் நின்றது. பக்கத்து ஆசனத்தில் பத்துக் கிலோ அரிசி பெல்ட் போட்டுக்கொண்டு நேரே பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருந்தது.